பத்து சேல்ஸ், இரண்டு டெக்னீஷியன்: ஒரு வேலை நோட்டீஸை எப்படிப் படிப்பது?

கேள்வி, சுருக்கமாக: "ஆத்தூரில் இருக்கிறேன். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு வீட்டுப் பாதுகாப்பு நிறுவனம் சேலம், ஓமலூர், ஆத்தூர், ஏற்காடு என நான்கு இடத்தில் கிளை திறக்கிறதாம். சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் 10 பேர், சர்வீஸ் டெக்னீஷியன் 2 பேர், செக்யூரிட்டி கார்டு 25 பேர் தேவை என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. எனக்கு சேல்ஸ் என்றால் 18,000, டெக்னீஷியன் என்றால் 15,000 தருவதாகச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு வயது 58, மில் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவரும் கார்டு வேலைக்குப் போகலாம் என்கிறார். நம்பிச் சேரலாமா?"

பதில்:

சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன் தம்பி. முதலில் அந்த நோட்டீஸில் இருக்கிற 10-ஐயும் 2-ஐயும் பார்க்கலாம்.

நான் சேலத்தில் இருபது வருடமாகக் கேமராவும் அலாரமும் மாட்டுகிறவன். ஐந்து ரோட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. ஏழு பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் விற்பனைக்கென்று இருப்பவர் ஒருத்தர்தான், அவரும் பாதி நாள் ஏணி பிடிப்பார். இந்தத் தொழிலில் ஒரு கிளை நிற்குமா படுத்துவிடுமா என்பதை, அது யாரை வேலைக்கு எடுக்கிறது என்பதை வைத்தே சொல்லிவிடலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சேல்ஸ் ஆட்கள் மாதம் ஆளுக்கு நாலு வீடு பிடித்தால் நாற்பது வீடு. நாலு கேமராவை ஒழுங்காக, பைப் போட்டு, வயரை மறைத்து, போனில் தெரிகிற மாதிரி செட் பண்ணிக் கொடுக்க ஒரு டெக்னீஷியனுக்கும் ஒரு உதவியாளுக்கும் முழுசாக ஒரு நாள் ஆகும். மாதம் 26 வேலை நாள் என்றால் இரண்டு டெக்னீஷியனுக்கு 52 நாள். மாட்டுவதற்கே நாற்பது போய்விடும், மிச்சம் பன்னிரண்டு. முதல் மாதம் அது தாராளம். ஆறாவது மாதம் 240 வீடு சேர்ந்திருக்கும். அதில் பாதிப் பேர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால்கூட மாதத்துக்கு 60 அழைப்பு. பன்னிரண்டு நாளில் அறுபது, நாளுக்கு ஐந்து. ஒன்று ஆத்தூரில், சேலத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர். இன்னொன்று ஏற்காட்டில், தூரம் முப்பதுதான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. முடியாது தம்பி. எட்டாவது மாதம் அந்த இரண்டு பேரில் ஒருத்தன் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவான்.

கேமரா மாட்டியாச்சு, அப்புறம் எதற்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று தோன்றும். எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். இன்டர்நெட்காரர் வந்து மோடத்தை மாற்றிவிட்டுப் போவார், மறுநாள் துபாயில் இருக்கிற மகன் போனில் வீடு தெரியவில்லை என்பான். அலாரம் சென்சார் மேல் பல்லி ஊர்ந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஹூட்டர் தெருவையே எழுப்பும். சென்சார் என்பது உடம்புச் சூடு நகர்வதைப் பார்க்கிற கருவி. பல்லி சின்னதுதான், ஆனால் லென்ஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டால் அதற்கு அது ஆள் மாதிரிதான். அலாரம் பேனலுக்குள் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். செத்தது யாருக்கும் தெரியாது, கரண்ட் போகிற அன்றைக்குத்தான் பேனலும் சேர்ந்து செத்திருப்பது தெரியும். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிற திருடனுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பல வருடத்துக்கு முன்னால் வெளியூர் நிறுவனம் ஒன்று இதே மாதிரி சேலத்தில் ஒரே நாளில் மூன்று கிளை திறந்தது. பேர் வேண்டாம், இப்போது அது இல்லை. டை கட்டின பையன்கள் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி என்று தெருத்தெருவாகப் போனார்கள். நன்றாகவே விற்றார்கள், என் வாடிக்கையாளர்களே சிலர் அங்கே போனார்கள். ஒன்றரை வருடம் கழித்து மூன்று கிளையிலும் பூட்டு. அதற்கப்புறம்தான் என் கடைக்குக் கூட்டம் வந்தது. முக்கால்வாசி வீட்டில் டி.வி.ஆர்., அதாவது கேமரா படத்தைப் பதிவு செய்கிற பெட்டி, அதன் பாஸ்வேர்டு வீட்டுக்காரருக்கே தெரியாது. மாட்டியவன் தன் மனசிலேயே வைத்திருந்தான், அவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். ஒரு வீட்டில் தீபாவளி ராத்திரி முழுக்க ஹூட்டர் அலறியிருக்கிறது. சர்வீஸ் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். கடைசியில் அந்தம்மா கத்தரிக்கோலால் வயரை வெட்டிவிட்டார். அந்தப் பேனல் இன்றைக்கும் அவர்கள் வீட்டு ஹாலில்தான் இருக்கிறது, மேலே காலண்டர் மாட்டியிருக்கிறார்கள்.

அந்த நிறுவனம் ஏமாற்றுக்காரர்கள் நடத்தியது இல்லை. அவர்களுடைய பணம் வந்த வழிதான் தப்பு. புதுசாக மாட்டும்போது கிடைக்கிற லாபம் ஒரு தடவை வருவது. வருடா வருடம் வருவது ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தப் பணம். முதல் வருடம் சர்வீஸ் சரியாகக் கிடைத்தவர்தான் இரண்டாவது வருடம் ஏ.எம்.சி. கட்டுவார். சர்வீஸுக்கு ஆள் இல்லையென்றால் ஏ.எம்.சி. இல்லை, ஏ.எம்.சி. இல்லையென்றால் புது விற்பனையை வைத்தே வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும். ஆடி மாதம் ஒன்று மந்தமாகப் போனால் போதும், கிளை ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

ஆகவே நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றியது இல்லை. "சார், இந்த 2 டெக்னீஷியன் நான்கு கிளைக்கும் சேர்த்தா, கிளைக்கு 2 பேரா?" என்று கேளுங்கள். கிளைக்கு 2 என்றால் மொத்தம் 8, அப்போது 10-க்கு 8. அது நல்ல கணக்கு, தைரியமாகப் போகலாம். நான்குக்கும் சேர்த்து 2 என்றால், "சர்வீஸை வெளி ஆட்களுக்குக் கான்ட்ராக்ட் விட்டிருக்கிறீர்களா?" என்று அடுத்ததைக் கேளுங்கள். அப்படியும் சில நிறுவனங்கள் நடத்துகின்றன, அதுவும் ஓடும். இரண்டுக்கும் பதில் மழுப்பலாக வந்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது கம்பெனியின் சொந்தக் கிளையா, பிரான்சைஸா? நோட்டீஸில் எல்லாமே கிளைதான். போய்ப் பார்த்தால் உள்ளூர்க்காரர் ஒருவர் டெபாசிட் கட்டி அந்தப் பேரை வாங்கி நடத்திக்கொண்டிருப்பார். அதில் தப்பில்லை, நானே ஒரு காலத்தில் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அப்போது உங்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் கோயம்புத்தூர் கம்பெனி இல்லை, அவர்தான். நியமனக் கடிதத்தில் யார் பேர் இருக்கிறது, சம்பளம் எந்தப் பேரிலிருந்து வங்கிக்கு வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி 18,000-மும் 15,000-மும். அந்த 18,000 முழுசாக நிலைச் சம்பளமா, டார்கெட் அடித்தால்தானா? பெரும்பாலும் 11, 12 ஆயிரம் நிலையாக இருக்கும், மிச்சம் இன்சென்டிவ். பெட்ரோல் யார் கணக்கு? ஆத்தூரிலிருந்து வாழப்பாடி, தலைவாசல், கெங்கவல்லி என்று சொந்த பைக்கில் சுற்றினால் மாதம் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும். டெக்னீஷியனுக்கும் இதே கேள்விதான். இ.எஸ்.ஐ. உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். உங்கள் பங்கு 0.75 சதவீதம், 15,000-க்கு 112 ரூபாய் சொச்சம். முதலாளி பங்கு 3.25 சதவீதம். ஏணியில் நிற்கிற வேலை இது. என்னிடம் இருந்த ஒரு பையன் அம்மாப்பேட்டையில் தறிக்கூடத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்து கீழே விழுந்தான். ஆபரேஷன், மூன்று மாத ஓய்வு. இ.எஸ்.ஐ. இல்லாமல் இருந்திருந்தால் அவன் குடும்பமும் படுத்திருக்கும், நானும் படுத்திருப்பேன்.

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ் என்று சேருவதற்கு முன்னால் பணம் கேட்டால் அத்தோடு முடிந்தது. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், கையில் விட்டுவிட்டு வரக்கூடாது.

என் யோசனையைக் கேட்டால், மூவாயிரம் குறைந்தாலும் டெக்னீஷியன் வேலைக்கே போங்கள். சேல்ஸில் நீங்கள் கற்றுக்கொள்வது அந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலைத்தான். அது கிளை மூடுகிற அன்றைக்குக் காலாவதி ஆகிவிடும். டெக்னீஷியனாக இரண்டு வருடம் இருந்தால் கம்பெனி போனாலும் கை உங்களிடம் இருக்கும். சேலத்தில் அந்தக் கைக்கு வேலை குறைவதாக எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டி, சிவதாபுரம் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளைப் பாருங்கள், பலதும் வீட்டோடு சேர்ந்தவை. முன்பக்கம் குடித்தனம், பின்பக்கம் வெள்ளி உருக்குகிற இடம். கூட்டி அள்ளுகிற தூசியைக்கூடச் சேர்த்து வைத்து அதிலிருந்து வெள்ளி எடுக்கிற தொழில் அது. வெள்ளி கிலோ லட்ச ரூபாயைத் தாண்டிய பிறகு, இத்தனை நாள் நாய் மட்டும் வைத்திருந்தவர்கள்கூடக் கேமராவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். லீ பஜார் கிடங்குகள், சங்ககிரி லாரிப் பட்டறைகள், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ ஆலைகள் எல்லாமே அப்படித்தான்.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் ஆள் எடுக்கும்போது கேட்பதைச் சொல்கிறேன். "நாலு கேமரா, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். எத்தனை நாள் பதிவு நிற்கும்?" பலர் "ஒரு மாசம் சார்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கேமராவுக்கு நொடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடினால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி., நாலு கேமராவுக்கு 86 ஜி.பி.-க்குக் கொஞ்சம் மேல். 1 டி.பி. என்பது ஆயிரம் ஜி.பி., அப்படியானால் பதினோரு நாள் சொச்சம். புது வகைச் சுருக்கமுறை போட்டு 1 மெகாபிட்டுக்கு இறக்கினால் இருபத்து மூன்று நாள். இது ஏட்டுக் கணக்கு மாதிரி இருக்கும், ஆனால் இதில்தான் வழக்கே நிற்கிறது. பத்து நாள் காசி யாத்திரை போன குடும்பம் திரும்பிவந்து, இரண்டு நாள் கழித்துப் பீரோவைத் திறந்து பார்க்கிறது. கிளம்பின அன்றைக்கே திருட்டு நடந்திருந்தால், போலீஸ் வந்து பதிவைக் கேட்கும்போது அந்த நாள் அழிந்து அதன்மேல் வேறு நாள் ஏறியிருக்கும். ஆகவே வீட்டுக்காரரிடம் "எத்தனை நாள் ஊருக்குப் போவீர்கள்?" என்று கேட்காமல் ஹார்ட் டிஸ்க் விற்கிறவனை நான் டெக்னீஷியன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நெட்வொர்க் கேமராவுக்கு கேட்-6 (Cat-6) என்கிற ஒரே நெட்வொர்க் வயரில் கரண்டும் படமும் போகும், ஆனால் 100 மீட்டர்தான். அதற்குமேல் நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிற பெட்டி ஒன்று வேண்டும். இது தெரிந்தால் போதும், மிச்சம் வேலையில் வந்துவிடும். கோரிமேட்டில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகமும் அங்கேதான். சி.சி.டி.வி. மாட்டுவதற்கென்றே திறன் பயிற்சிச் சான்றிதழ் உண்டு, எங்கே நடக்கிறது என்று அங்கே விசாரியுங்கள். இந்த நிறுவனம் சரியில்லை என்று ஆனாலும் அந்த நடை வீண்போகாது.

அவர்கள் சரக்கைப் பற்றியும் ஒன்று கேட்டு வையுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கிற சி.சி.டி.வி. கேமராக்கள் மத்திய அரசு வகுத்த பாதுகாப்பு விதிகளின்படி சோதனைக்கூடத்தில் தேறியிருக்க வேண்டும். எஸ்.டி.க்யூ.சி. சான்று என்று கடைத்தெருவில் சொல்வது இதைத்தான். கேமரா நம் வீட்டுப் படத்தை வேறு எங்காவது அனுப்பிவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. புதுக் கிளை திறப்பு விழாச் சலுகை என்று பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றால், பழைய சரக்கைத் தள்ளுகிறார்களா என்ற சந்தேகம் எனக்கு வரும். அதை விற்றவர் நாளைக்கு இருக்க மாட்டார், மாட்டினவன் என்று வாடிக்கையாளர் உங்களைத்தான் பிடிப்பார்.

ஏற்காட்டுக் கிளைக்கு இப்போது வருகிறேன். எனக்குப் பிடித்த இடம், அதிகம் அடிவாங்கின இடமும் அதுதான்.

கீழே சேலத்தில் நன்றாக ஓடுகிற கேமராவை அப்படியே மேலே கொண்டுபோய் மாட்டினால் முதல் பனிமூட்டத்தில் படுத்துவிடும். ராத்திரியில் கேமரா லென்ஸைச் சுற்றி இருக்கிற குட்டி எல்.இ.டி.கள் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் அடிக்கும், அது திரும்பி வருவதை வைத்துத்தான் படம். மூட்டம் இறங்கிவிட்டால் அந்த வெளிச்சம் ஓரடி முன்னாலேயே மோதித் திரும்பும். திரையில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி இருக்கும், வேறு ஒன்றும் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் மூட்டத்துக்குள் ஹை பீம் போட்டு ஓட்டிப் பாருங்கள், அதே கதைதான். வண்டிக்கு லோ பீம் போடுகிறோம் இல்லையா? இங்கே கேமராவின் சொந்த எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, வெளிச்சத்தைத் தள்ளி, பக்கவாட்டில் தனியாக மாட்ட வேண்டும். வாசலில் சாதாரண மஞ்சள் பல்பு ஒன்று எரிந்தால்கூடப் பல நாள் அதுவே போதும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் ஆனது, ஒரு எஸ்டேட்காரரிடம் வசவும் வாங்கினேன்.

அப்புறம் ஈரம். வயர் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நேராக விட்டால் வயர் வழியாகவே பெட்டிக்குள் போகும். கனெக்டர்கள் ஒரு மழைக்காலத்தில் பச்சை பூத்துவிடும், மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டும். இடி மின்னலுக்கு எர்த்திங். குரங்குக்கு இரும்புப் பைப், பிளாஸ்டிக் பைப்பை அது ஒரே நாளில் பிய்த்துக் கையில் வைத்துக்கொள்ளும். எஸ்டேட் வேலியோரம் அலாரம் சென்சார் வைத்தால் காட்டெருமை வந்து நிற்கிற ஒவ்வொரு ராத்திரியும் சென்னையில் இருக்கிற பங்களா முதலாளியின் போன் அலறும். அவர் மூன்றாவது ராத்திரி அதை நிறுத்தி வைப்பார், ஐந்தாவது ராத்திரி மறந்தே போவார். அதனால் மலையில் சென்சாரை வேலியில் வைக்கக் கூடாது. கதவிலும் ஜன்னலிலும்தான் வைக்க வேண்டும். வேலியைக் கேமரா பார்த்துக்கொள்ளட்டும்.

ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கிற விடுமுறை வீடுகள் நிறைய. சொந்தக்காரர் பெங்களூரில் இருப்பார், சாவி பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் இருக்கும். காபி பழுத்துக் களத்தில் காய்கிற மாதங்களில் எஸ்டேட்காரர்களுக்கும் ஆள் வேண்டும். அலாரம் அடித்தால் பத்து நிமிடத்தில் யார் போய் நிற்பார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. கோயம்புத்தூரில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவர் போன்தான் போட முடியும். சேலத்திலிருந்து கிளம்புகிற ஆள், அதுவும் மே மாதக் கோடை விழா நெரிசலில், எப்போது போய்ச் சேருவார்? ஆகவே அந்தக் கிளைக்கு நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் மாதிரி மலை ஊர்களிலிருந்தே ஆள் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். எடுக்கிறார்கள் என்றால் நிறுவனத்தில் விவரம் தெரிந்தவர் யாரோ இருக்கிறார். கீழேயிருந்து தினமும் பஸ்ஸில் ஆள் அனுப்புகிற திட்டம் என்றால் அந்தக் கிளை போர்டுக்காகத் திறக்கிற கிளை. உங்களை அங்கே போட்டால் மலைப்படி, அதாவது மலை வேலைக்கான கூடுதல் பணம், கேளுங்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வருடம் மலையில் மாட்டினவனுக்குக் கீழே எந்த வீடும் பெரிய விஷயம் இல்லை.

டெக்னீஷியனுக்கு இன்னொரு ஒழுக்கமும் உண்டு. பீரோ எங்கே இருக்கிறது, எந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, யார் எந்த நேரம் வெளியே போவார்கள் என்று வீட்டுக்காரர் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லாததெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை வீட்டுக்காரரையே மாற்றச் சொல்லிவிட்டு, அவர் மாற்றும்போது திரும்பி நில்லுங்கள். நல்ல நிறுவனம் என்றால் உங்களைச் சேர்க்கும்முன் போலீஸ் நன்னடத்தைச் சரிபார்ப்புக் கேட்கும். கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

கடைசியாக அப்பா விஷயம். கேமரா விற்பதற்கும் ஆள் அனுப்பிக் காவல் காப்பதற்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. காவலுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனம் 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அந்த உரிமம் மாவட்டக் கணக்கில் வருவது. ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுக்க 25,000 என்று சட்டத்திலேயே கட்டணம் இருக்கிறது. வேறு ஊரிலிருந்து பரவுகிற நிறுவனங்கள் சறுக்குகிற இடம் இதுதான். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு என்று உரிமம் வாங்கி வைத்திருப்பார்கள், சேலத்தைச் சேர்த்திருக்க மாட்டார்கள். உரிமத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நீங்கள் போகிற அன்றைக்குச் சுவரைப் பாருங்கள். திறப்பு விழா மாலை தொங்குகிற சாமி படத்துக்குப் பக்கத்தில் அது இருக்கிறதா, அதில் சேலம் மாவட்டம் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா? உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான்.

வயது பிரச்சினை இல்லை, 18-க்கு மேல் 65 வரை எடுக்கலாம். ஆனால் சேர்த்த மறுநாளே கேட்டில் நிறுத்தக் கூடாது. மத்திய மாதிரி விதிகளின்படி 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும், குறைந்தது 20 வேலை நாளில் கொடுக்க வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் இது குறைவு, வேலையிலும் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பதினைந்து கார்டுகளுக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். 25 கார்டு எடுக்கிறார்கள் என்றால் இரண்டு மேற்பார்வையாளர் யார் என்று கேட்கலாம், உங்கள் நோட்டீஸில் அந்தப் பதவியையே காணோம். புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுக்க வேண்டும். போலீஸ், ராணுவ உடை மாதிரியே யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தால் அப்பா அதைப் போட வேண்டாம். அது குற்றம், மாட்டுவது போட்டிருக்கிறவரும்தான்.

எழுதப்படாத ஒரு விஷயத்தையும் அப்பாவை விட்டே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் இருக்கும். காலையில் மாற்று ஆள் வராவிட்டால் என்ன செய்வது? ராத்திரி நின்றவரையே பகலுக்கும் நில்லு என்பார்கள், அவரும் வீட்டில் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். 58 வயதில் அது உடம்பைத் தின்றுவிடும். சேலம், ஆத்தூர் கிளைகளில் மாற்று ஆட்கள் எத்தனை பேர், கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு, உட்கார நாற்காலியும் பக்கத்தில் கழிப்பறையும் உண்டா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். முடிந்தால் நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவர்கள் சர்வீஸ் நம்பருக்கு நீங்களே ஒரு போன் போட்டு, ஆத்தூரில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எடுத்தவருக்கு ஆத்தூர் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா, யாரை அனுப்புவதாகச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்க்கு மன்னிப்பும் கேட்டு வைத்துவிடுங்கள்.